மியூசிக் தளங்கள் வழியா வெளிநாட்டு ஃபேஷன் பிராண்டுகள்கிட்ட வீடியோ கொலாப் (கூட்டு வேலை) கேக்கறது நடக்கிற காரியமா?

நடக்கும். எனக்கு நடந்திருக்கு, அந்த தைரியத்துலதான் எழுதுறேன். ஆனா நீங்க கேள்வியில சொல்லியிருக்கிற மாதிரி, மியூசிக் பண்றவங்க தங்க ட்ராக்க தாங்களே ஏத்துற சவுண்ட்கிளவுட் தளத்துல பிராண்டோட அக்கவுண்ட்ட தேடிப் பிடிச்சு "ஹாய், நான் ஃபேஷன் வீடியோ பண்றேன், கொலாப் பண்ணலாமா"ன்னு மெசேஜ் போட்டா நடக்காது. பெரும்பாலும் அந்த அக்கவுண்ட்ட யாரும் தொறந்தே பாக்க மாட்டாங்க, என்னிக்கோ ஒரு ஃபேஷன் ஷோவுல ஓடின மியூசிக்க ஏத்துறதுக்காக ஆரம்பிச்சு அப்படியே விட்டிருப்பாங்க. நீங்க போய்ப் பேச வேண்டியது பிராண்டுகிட்ட இல்ல, அந்த பிராண்டுக்கு மியூசிக் குடுத்தவர்கிட்ட.

உங்க கேள்விய வச்சுப் பாத்தா நிலைமை எனக்குப் புரியுது. கேமரா இருக்கு, எடிட்டிங் கை வந்திருக்கு, யாரும் கேக்காம நீங்களா எடுத்த ஸ்பெக் வீடியோ ரெண்டு மூணு கையில இருக்கும். பிராண்டோட பொது மெயிலுக்கு அனுப்பி அனுப்பி அலுத்துப் போயிருப்பீங்க. இன்ஸ்டா டிஎம் ரிக்வெஸ்ட்லயே கிடக்கும். அப்புறம் யாரோ ஒருத்தர் "மியூசிக் ஆப்ல போட்டி கம்மி, அங்க போய் பிட்ச் பண்ணு, அதாவது உன் ஐடியாவச் சொல்லி வேலை கேளு"ன்னு சொல்லியிருப்பார். சொன்னது பாதி சரி.

ஏன்னா ஃபேஷனும் மியூசிக்கும் ரொம்ப நாளாவே ஒட்டிப் பொறந்த மாதிரிதான் இருக்கு. பர்பெர்ரி 2010லயே பர்பெர்ரி அகூஸ்டிக்னு ஆரம்பிச்சு புதுசா வர்ற பிரிட்டிஷ் பாடகர்கள வச்சு வீடியோ எடுத்துப் போட்டாங்க, 2015ல ஆப்பிள் மியூசிக்ல தனி சேனலே தொறந்தாங்க. மெஸோன் கிட்சுனே 2002ல ஆரம்பிச்சது, துணியும் பாட்டு வெளியிடற ரெக்கார்ட் லேபிளும் ஒரே கூரைக்குக் கீழ. மிஷெல் கோபேர்னு ஒருத்தர், ஷனெல் ஷோவுக்கு என்ன ஒலிக்கணும்னு வருஷக்கணக்கா முடிவு பண்ணவர், அதுதான் அவருக்கு முழுநேரத் தொழிலே. இதெல்லாம் பெரிய இடம், அங்க நம்மள உள்ள விட மாட்டாங்கன்னு நீங்க சொல்லலாம். சரி. ஆனா பத்துப் பதினஞ்சு பேர் வேலை பாக்கற சின்ன பிராண்டுலயும் இதே கதைதான். டிசைனருக்குத் தெரிஞ்ச ஒரு மியூசிஷியன் இருப்பார், அவர்தான் அந்த சீசன் துணிகள வரிசையா காட்டுற லுக்புக் வீடியோவுக்கும் ஷோவுக்கும் போட்டுக் குடுப்பார், அவர் ஒரு லிங்க் அனுப்பினா டிசைனர் அன்னிக்கே தொறந்து பாப்பாங்க. நம்ம மெயில் மார்க்கெட்டிங் ஆள்கிட்ட மாட்டிக்கும், அவரோட லிங்க் நேரா போய்ச் சேரும்.

எனக்கு நடந்தத சொல்றேன். வெளிநாட்டுல கோட்டு மட்டுமே பண்ற ஒரு சின்ன பிராண்டு, பேர் வேண்டாம். அவங்க துணி எனக்கு ரொம்பப் பிடிக்கும், தோள்பட்டைய அவங்க வெட்டுற விதம் வேற யாருக்கும் வராது. அவங்க பழைய வீடியோ ஒண்ணோட கடைசியில பொடி எழுத்துல மியூசிக் போட்டவர் பேர் இருந்துச்சு. சவுண்ட்கிளவுட்ல போய்த் தேடினேன். ஃபாலோயர் ரொம்பக் கம்மி, ஆனா அவரோட ட்ராக்ல, அந்த அலை மாதிரி ஓடுற கோட்டுக்கு அடியில கமெண்ட் வருமே, அதுல பிராண்டோட டிசைனரே வந்து எழுதியிருந்தாங்க, அதுவும் சரியா பேஸ், அதாவது அந்தக் கனமான அடித்தொனி, உள்ள இறங்குற நொடியில. அத பாத்ததும் எனக்கு முடிவாயிடுச்சு, கதவு இதுதான்னு.

அந்த மியூசிஷியனுக்கு எழுதினதுல பிராண்டப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. "உங்க இந்த ட்ராக்ல ரெண்டாவது நிமிஷத்துல பியானோ நின்னுட்டு வெறும் மூச்சு மாதிரி ஒரு சத்தம் மட்டும் வருதே, அதுக்கு ஒரு துணி அசையறத வெட்டிப் பாக்கணும்னு ஆசை, அனுமதி குடுப்பீங்களா, அதுக்குப் பதிலா ஸ்பாடிஃபைல உங்க ட்ராக்குக்கு கேன்வாஸ் பண்ணித் தரேன்"னு எழுதினேன். கேன்வாஸ்னா பாட்டு ஓடும்போது ஃபோன்ல பின்னாடி திரும்பத் திரும்ப ஓடுற செங்குத்து வீடியோ, 3லேருந்து 8 செகண்டுக்குள்ள இருக்கணும். தனியா மியூசிக் பண்றவங்களுக்கு அது பண்ண ஆளும் கிடையாது காசும் கிடையாது, நமக்கோ எடிட்ல மிஞ்சின ஒரு ஷாட் போதும். தயவுசெஞ்சு யாருக்கும் வெறுங்கையோட எழுதாதீங்க. அதே மாதிரி ஒரே மெசேஜ காப்பி பண்ணி அம்பது பேருக்குப் போடாதீங்க, படிக்கிறவங்களுக்கு முதல் வரியிலயே தெரிஞ்சுடும்.

அவர் வெளிவராத இன்னொரு ட்ராக்க பிரைவேட் லிங்க்ல அனுப்பினார். ஸ்டெம்ஸும் குடுத்தார், அதாவது பேஸ், பியானோ, தாளம்னு தனித்தனி ஃபைல். தெரிஞ்சவங்க ஒருத்தர்கிட்ட அந்த பிராண்டு கோட்டு ஒண்ணு இருந்துச்சு, கடன் வாங்கி ஷூட் பண்ணேன். நடந்து வர்ற பொண்ணு சட்டுனு திரும்பும்போது கோட்டோட கீழ் ஓரம் அவங்க கூட உடனே திரும்பாது, அரை நொடி லேட்டா வந்து கால்ல மோதும், கனமான கம்பளித் துணி அப்படித்தான். அந்த அரை நொடிக்குத் தாளத்த எடுத்துட்டேன், ஓரம் வந்து மோதுற ஃப்ரேம்ல பேஸ் விழுற மாதிரி வச்சேன். ஒரு நிமிஷம்கூட இல்லாத வீடியோ. இன்னிக்கும் நான் பண்ணதுல எனக்கு நெறைவா இருக்கிறது அந்த ஒரு எடிட்டிங் கட்தான்.

வீடியோவ நான் பிராண்டுக்கு அனுப்பவே இல்ல. மியூசிஷியன்தான் அனுப்பினார். டிசைனர்கிட்டேருந்து வந்த பதில்ல முதல் கேள்வி என்ன தெரியுமா? நல்லாருக்கா இல்லையாங்கறது எல்லாம் அப்புறம், "இந்த மியூசிக்க எங்க சேனல்ல போட எழுத்துல உரிமை இருக்கா?" இருந்துச்சு. ஒரு பக்கத்துல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட காகிதம். அத அனுப்பினதுக்கு அப்புறம்தான் காசு பத்தின பேச்சே வந்துச்சு. அடுத்த சீசனுக்கு ரெண்டு வீடியோ, ரெண்டுக்கும் சம்பளம், துணி அவங்களே அனுப்பினாங்க.

இந்த உரிமை விஷயத்துல நான் கொஞ்சம் நீட்டி எழுதுறேன், ஏன்னா இத யாரும் சொல்லித் தர்றதில்ல. ஒரு பாட்டுல ரெண்டு சொத்து இருக்கு. மெட்டும் வரியும் ஒண்ணு, அது எழுதினவரோடது, இல்லன்னா அவருக்காக அந்த உரிமைய பாத்துக்கற பப்ளிஷரோடது. பதிவு பண்ண ஒலி இன்னொண்ணு, மாஸ்டர்னு சொல்வாங்க, அது லேபிள் கையில இருக்கலாம். வீடியோவோட சேக்கறதுக்கு ரெண்டு பேர்கிட்டயும் அனுமதி வேணும். தனியா மியூசிக் பண்றவர்கிட்ட போறதுல இருக்கிற பெரிய வசதியே ரெண்டும் பெரும்பாலும் ஒரே ஆள் கையில இருக்கும்ங்கறதுதான். ஆனா அவர் வேற யாரோட சாம்பிளாவது, அதாவது இன்னொருத்தர் பாட்டுலேருந்து வெட்டின துண்டாவது, உள்ள போட்டிருக்காரான்னு வாய்விட்டுக் கேளுங்க, போட்டிருந்தா அது மூணாவது ஆளோட அனுமதி.

அடுத்து, சவுண்ட்கிளவுட்ல கிரியேட்டிவ் காமன்ஸ், அதாவது சில நிபந்தனையோட மத்தவங்க எடுத்துக்கலாம்ங்கற லைசென்ஸ், போட்டிருந்தா ஃப்ரீன்னு நினைச்சு எடுத்துடாதீங்க. வணிகத்துக்கு இல்லன்னு போட்டிருந்தா பிராண்டுக்கு ஆகாது. மாத்தக்கூடாதுன்னு போட்டிருந்தாலும் ஆகாது, ஏன்னா அந்த லைசென்ஸ்ல பாட்ட ஓடுற படத்தோட நேரம் பொருத்திச் சேத்தாலே அது மாத்தினதாத்தான் கணக்கு. நேரா கேட்டு எழுதி வாங்கிடுங்க. காகிதத்துல எந்தெந்த தளம், எவ்வளவு காலம், எந்த நாடு, காசு குடுத்து விளம்பரமா ஓட்டலாமா கூடாதா, இந்த நாலும் இருக்கணும். விளம்பரமா ஓட்டறதுக்குத் தனிக் காசுன்னு எழுதுங்க, மியூசிஷியனுக்கும் சரி உங்களுக்கும் சரி.

"ரீல்ஸ்ல எல்லாரும் ஹிட் பாட்டு போடறாங்களே"ன்னு ஒருத்தர் கண்டிப்பா வருவார். தனி ஆள் போடறது வேற, கம்பெனி போடறது வேற. டிக்டாக்ல பிசினஸ் அக்கவுண்ட்டுக்குத் தனியா வணிக மியூசிக் லைப்ரரிதான், ஹிட் பாட்டெல்லாம் அங்க கிடைக்காது. 2021ல ஜிம்ஷார்க்ங்கற ஜிம் துணி பிராண்டு மேல சோனி மியூசிக் வழக்குப் போட்டது இதுக்குத்தான், சோஷியல் மீடியா விளம்பரத்துல அனுமதி இல்லாம பாட்டு போட்டாங்கன்னு. பேங் எனர்ஜி ட்ரிங்க் கம்பெனி டிக்டாக் வீடியோக்கள்ல பாட்டு போட்டதுக்கு 2022ல கோர்ட் யுனிவர்சல் மியூசிக் பக்கம் தீர்ப்பு சொல்லிச்சு. இதுக்கப்புறம் வெளிநாட்டு பிராண்டுகள்ல சட்டம் பாக்கறவங்க எல்லாரும் உஷாராயிட்டாங்க. அதனாலதான் உரிமை கையில இருக்கிற வீடியோவக் கொண்டு போனா உங்களுக்கு மதிப்பு, ஷாட் சுமாரா இருந்தாலும் பேசுவாங்க. ஒரு பிராண்டு என்கிட்டயே பெரிய ஹிட் பாட்டு ஒண்ண சொல்லி இதப் போட்டே ஆகணும்னு நின்னாங்க, நான் மாட்டேன்னுட்டேன். வேற ஒருத்தர வச்சுப் பண்ணாங்க, கொஞ்ச நாள்ல பாட்டு போயி வீடியோ வெறும் ஊமையா ஓடிட்டு இருந்துச்சு. அந்த எடிட்டருக்குப் பாக்கி காசு வந்துச்சான்னு நான் இன்னும் யோசிக்கிறேன்.

எடிட்டர்னு சொன்னதும் மனசுல இருக்கிறத கொட்டிடறேன், கேள்விக்கு சம்பந்தம் இல்லதான், மன்னிச்சுக்கோங்க. ஃபேஷன் வீடியோ க்ரெடிட்ட எடுத்துப் பாருங்க. மாடல் பேர் இருக்கும், ஸ்டைலிஸ்ட் இருக்கும், முடி, மேக்கப், லைட் அசிஸ்டென்ட் வரைக்கும் இருக்கும், இருக்கவும் வேணும், அவங்க உழைப்பு. எடிட்டர் பேர் மட்டும் இருக்காது. கேட்டா "கேப்ஷன் நீளமாயிடும்"ங்கறாங்க. ராத்திரி பூரா உக்காந்து அந்த அரை நொடியத் தேடினவன் பேர் போட்டா நீளமாயிடுமா? அதுக்கு மேல, வேலை முடிஞ்சு காசு குடுத்ததும் "ப்ராஜெக்ட் ஃபைலும் அனுப்பிடுங்க"ன்னு சாதாரணமா கேப்பாங்க. தையக்காரர்கிட்ட சட்டை வாங்கிட்டு அவர் வெட்டுக் காகிதத்தையும் மடிச்சுக் குடுன்னு கேக்கற மாதிரி. துணியே தொழிலா வச்சிருக்கிறவங்களுக்கு இது புரியலங்கறதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. அந்த கோட்டு பிராண்டு மட்டும் கேக்காமலே என் பேரையும் மியூசிஷியன் பேரையும் முதல் வரியில போட்டாங்க, அதுக்காகவே அவங்களுக்குக் கம்மி காசுல இன்னொரு வேலையும் பண்ணிக் குடுத்தேன்.

சரி, கமெண்ட்ல வரப்போறவங்களுக்கு. "இது ஒரு தடவை அதிர்ஷ்டத்துல நடந்தது"ன்னு சொல்வீங்க. இல்ல, இதே வழியில வேற பிராண்டுகளும் வந்திருக்கு, சிலது கைய விரிச்சிருக்கு, சிலது இழுத்தடிச்சு இழுத்தடிச்சு காணாமப் போயிருக்கு. "ஏஜென்சி வழியா போனா சீக்கிரம்"னு சொல்றவங்க ஏஜென்சி உள்ள இருக்கிறவங்க, வெளிய இருக்கிறவங்களுக்கு அந்த வழி கிடையாது. "மியூசிஷியன பயன்படுத்திக்கறீங்க"ன்னு ஒருத்தர் முன்னாடி எழுதியிருந்தார், அது ரொம்ப உறுத்துச்சு. பிராண்டு குடுத்த காசுல அவருக்கு லைசென்ஸ் தொகை தனியா, என் சம்பளத்த பேசறதுக்கு முன்னாடியே நான் பேசி வாங்கிக் குடுத்தேன். அப்படிப் பண்ண முடியாதுன்னா இந்த வழியில போகாதீங்கன்னுதான் நானும் சொல்வேன்.

எப்ப பிட்ச் பண்றதுன்னும் கேட்டிருந்தீங்க. பெண்கள் துணிக்கான பெரிய ஷோக்கள் நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ்னு பிப்ரவரி மார்ச்சுல ஒரு சுத்து, செப்டம்பர் அக்டோபர்ல ஒரு சுத்து. அந்த வாரங்கள்ல எழுதினா யாரும் பாக்க மாட்டாங்க. பிப்ரவரில காட்டுறது அடுத்த குளிர்கால துணி, அது கடைக்கு வர பல மாசம் ஆகும். ஷோ முடிஞ்சு ரெண்டு மூணு வாரம் மூச்சு விட விட்டுட்டு அப்புறம் மியூசிஷியன் வழியா லிங்க் போகட்டும், அப்பதான் அந்த துணிக்கு என்ன வீடியோ வேணும்னு அவங்களே பேச ஆரம்பிச்சிருப்பாங்க.

இன்னொண்ணு, இது அவசரம். மியூசிஷியன்கிட்ட முதல் வாரத்துலயே கேளுங்க, அவரோட டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது அவர் பாட்ட ஸ்பாடிஃபை மாதிரி தளங்கள்ல ஏத்தித் தர்ற கம்பெனி, அந்த ட்ராக்க யூடியூப் கன்டென்ட் ஐடில, அதாவது ஒரு வீடியோல இருக்கிறது யாரோட பாட்டுன்னு தானா கண்டுபிடிக்கிற அமைப்புல, சேத்திருக்காங்களான்னு. பல பேருக்கு தான் அதுக்கு டிக் போட்டதே ஞாபகம் இருக்காது. சேத்திருந்தா, நீங்க உரிமை வாங்கியிருந்தாலும் பிராண்டு வீடியோவ ஏத்தின உடனே தானா க்ளெய்ம், அதாவது 'இது எங்க பாட்டு'ங்கற உரிமைக் கோரிக்கை, விழும், அங்க யாராவது பயந்து போய் வீடியோவ எடுத்துடுவாங்க. பிராண்டோட சேனல விலக்குப் பட்டியல்ல போடச் சொல்லி டிஸ்ட்ரிபியூட்டருக்கு அவரையே முன்கூட்டி எழுத வைங்க, அது உறுதியானதுக்கு அப்புறம் ஃபைனல் ஃபைல அனுப்புங்க.