மூக்குவழி மிடாசொலாம் ஏன் வேலை செய்யவில்லை?

மூன்று வயது, 14 கிலோ, காய்ச்சலோடு 7 நிமிடமாக வலிப்பு, ஊசி போட ரத்த நாளம் கிடைக்கவில்லை, வலிப்பை நிறுத்த மூக்கில் விட்ட மிடாசொலாம் மருந்தும் கேட்கவில்லை என்கிறீர்கள். நீங்கள் எடுத்தது மி.லி.க்கு 1 மி.கி. உள்ள ஆம்பூல் (மருந்துக் குப்பி), சிக்கலே அதுதான். கிலோவுக்கு 0.2 மி.கி. என்றால் 2.8 மி.கி., அதாவது 2.8 மி.லி. மூக்கு அவ்வளவு தாங்காது, பெரும்பகுதி தொண்டைக்குள் போய்விடும். மி.லி.க்கு 5 மி.கி. உள்ளதை வைத்திருங்கள்: 0.56 மி.லி., சளியை உறிஞ்சிவிட்டு, தெளிப்பான் முனையால் இரு நாசியிலும் பாதிப் பாதி. முனையில் தங்கும் 0.1 மி.லி.யைக் கூடுதலாக இழுக்க மறக்காதீர்கள்.

தாடையை முன்தள்ளி ஆக்சிஜன் கொடுத்தபடியே ரத்தச் சர்க்கரை பாருங்கள். அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இது; சர்க்கரை குறைந்து வரும் வலிப்பு மிடாசொலாமுக்கு அடங்காது. மருந்துக்குப் பின் மூச்சு தளரலாம், கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் குழந்தை அளவு ஆம்பு பை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இரண்டாவது டோஸை ஆலோசனை மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள்.