மாரத்தான் ஓடியவர் முதல் அல்ட்ரா மாரத்தானுக்கு எப்படித் தயாராவது?

42.195 கிலோமீட்டரைத் தாண்டிய எந்த ஓட்டமும் அல்ட்ராதான். முதல் முயற்சிக்கு 50 கிலோமீட்டர் போதும். வேகத்தை மறந்துவிடுங்கள். பயிற்சியில் முழுத் தூரத்தையும் ஓடிப் பார்க்க வேண்டியதில்லை: சனிக்கிழமை நீண்ட ஓட்டம், மறுநாள் களைத்த கால்களோடு சற்றுக் குறைவாக இன்னொன்று. ஆனால் வாராவாரம் இப்படிச் செய்தால் காயம்தான் மிஞ்சும்.

மேடுகளில் நடக்கப் பழகுங்கள். முன்னணி வீரர்களே நடக்கிறார்கள், வெட்கம் எதற்கு? தொடைத் தசையை உண்மையில் பதம் பார்ப்பது இறக்கம்தான். அங்கே தசை இழுபட்டுக்கொண்டே உடல் எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. எனவே இறக்கத்திலும் ஓடிப் பழகுங்கள்.

பலரைப் பாதியில் நிறுத்துவது கால் அல்ல, வயிறு. மணிக்கு 30 முதல் 60 கிராம் கார்போஹைட்ரேட்டை ஓடிக்கொண்டே உண்ண, நீண்ட ஓட்டங்களிலேயே வயிற்றைப் பழக்குங்கள். தாகத்துக்கு மீறித் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.