மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம்: எந்த உறுப்பினர் சந்தா?

வணக்கம். மெல்பர்னுக்குக் குடிவந்து ஓராண்டு ஆகிறது, வரும் பருவத்தில் எட்டு வயது மகனுடன் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ஆட்டங்களைக் காண, அதை நிர்வகிக்கும் மெல்பர்ன் கிரிக்கெட் கிளப்பில் சேரலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

அந்தக் கிளப் 1838-இல் தொடங்கியது. அதன் காத்திருப்போர் பட்டியலில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். ஆகவே இன்று விண்ணப்பித்தாலும் உங்களுக்கு இடம் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆனாலும் மகனின் பெயரை இப்போதே பதிந்துவிடுங்கள். அவன் வளர்ந்தபின் உங்களை நன்றியோடு நினைப்பான். முன்மொழியவும் வழிமொழியவும் இரு உறுப்பினர்கள் தேவை என்பதால், அலுவலக நண்பர்களிடம் தயங்காமல் கேளுங்கள்.

வரும் பருவத்துக்கு, ரிச்மண்ட், காலிங்வுட் போன்று தம் சொந்த ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை இம்மைதானத்திலேயே ஆடும் ஓர் ஆஸ்திரேலிய கால்பந்து அணியின் குடும்பச் சந்தாவே உங்களுக்குப் பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. மார்ச்சில் தொடங்கி செப்டம்பர் வரை நீளும் ஆஸ்திரேலிய கால்பந்துப் பருவத்தில் அதன் பயன் முழுமையாகக் கிடைக்கும். எனினும், அடிப்படைச் சந்தா இறுதிப்போட்டிக்கு இடம் உறுதி செய்வதில்லை. அதை வாங்கும் முன்பே மனத்தில் கொள்ளுங்கள்.

கிரிக்கெட்டுக்கு அது செல்லாது. டிசம்பர் 26 அன்று தொடங்கும் டெஸ்டுக்கும், 1877-இல் இங்கு நடந்த முதல் டெஸ்டின் 150-ஆம் ஆண்டை ஒட்டி 2027 மார்ச்சில் ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் ஆடும் பகலிரவு டெஸ்டுக்கும் தனியே நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். மகனை அந்த மார்ச் ஆட்டத்துக்கு எப்படியாவது அழைத்துச் செல்லுங்கள்.