பழைய பாறையில் வானியல் சுழற்சிகளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கொழும்புப் பாறைகளில் அதைப் பார்க்கலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: பார்க்க முடியாது. வெள்ளவத்தையில் ரயில் பாதையோரம் அலைத்தடுப்பாகக் கொட்டியிருக்கும் கருங்கற்களில் கறுப்பும் வெள்ளையுமாக வரிகள் தெரியும். என்னிடம் படிக்கும் உயர்தர மாணவர்கள் அதைக் காலநிலைப் பதிவு என்றே நினைக்கிறார்கள். அவை 550 மில்லியன் ஆண்டுகளுக்கும் முன், நிலத்தின் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் பிரித்துவைத்த கனிம வரிகள். இலங்கையில் பத்தில் ஒன்பது பங்கு இப்படி உருமாறிய பாறைதான்.

சரி, மண்ணும் ஓடுகளும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய அடையற் பாறைக்கு வருவோம். பூமியின் அச்சு பம்பரம்போலத் தலையாட்டுவதன் தாக்கம் சுமார் 20,000 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். அச்சின் சாய்வு கூடிக் குறைய 41,000 ஆண்டுகள். சுற்றுப்பாதையின் வடிவம் மாற ஏறத்தாழ 100,000, அப்புறம் 405,000. இவை மாறும்போது கோடை வெயிலின் அளவும் மாறும். வெயில் கூடினால் பருவமழை வலுக்கும். ஆறுகள் கடலுக்குள் அதிகக் களிமண்ணைத் தள்ளும், அதோடு அலுமினியமும் தைத்தேனியமும் போகும். மழை குறைந்த காலத்தில் கடல் உயிரிகளின் ஓட்டுக் கல்சியத்தின் பங்கு கூடும். துளைத்தெடுத்த பாறைத் தண்டின்மேல் எக்ஸ் கதிர்க் கருவியை ஓட்டி இவற்றின் விகிதத்தை அளக்கிறார்கள். கல்சியத்தை மட்டும் நம்பக் கூடாது. பாறை இறுகும்போது அது கரைந்து இடம் மாறும். மற்ற இரண்டும் லேசில் அசையாது.

விகிதம் ஏறி இறங்கினால் மட்டும் போதாது, சாதாரண வெள்ளம்கூட அடுக்குப் போடும். 2, 10, 40 மீட்டர் இடைவெளிகளில் ஏற்ற இறக்கம் திரும்பத் திரும்ப வந்தால்தான் நிமிர்ந்து உட்கார வேண்டும். அந்த 1:5:20 விகிதம் 20,000, 100,000, 405,000 உடன் பொருந்துகிறது, ஆயிரம் ஆண்டுக்கு 10 சென்ரிமீட்டர் படிவு என்றும் கணக்கு வருகிறது. ஆனால் வயதைச் சுழற்சியை வைத்தே பொருத்திவிட்டு, பிறகு சுழற்சி கிடைத்தது என்பது சுற்றுவாதம். எரிமலைச் சாம்பலின் சேர்க்கன் மணிகள் (கதிரியக்கத்தை வைத்து வயதை நேரடியாக அளக்கக்கூடிய கனிமம்) போன்ற தனிச்சாட்சி வேண்டும். அரிசோனாவின் பாறைத் தண்டில் சேர்க்கன் வயதையும் பாறையில் பதிந்திருக்கும் பூமியின் காந்தத் திசைமாற்றங்களையும் எடுத்து, அமெரிக்கக் கிழக்குக்கரையின் பழைய ஏரிப் படிவுகளோடு 2018இல் ஒப்பிட்டார்கள். 215 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பும் அதே 405,000 தான். வியாழனும் வெள்ளியும் சேர்ந்து இழுப்பதால் வருவது, அதனால் அசையாது.

மற்றவை அப்படியல்ல. சந்திரன் முன்பு அருகில் இருந்ததால் தலையாட்டமும் சாய்வும் வேகமாக மாறின. மேற்கு அவுஸ்திரேலியாவின் 2.46 பில்லியன் ஆண்டுப் பாறையிலிருந்து அன்றைய ஒரு நாள் சுமார் 17 மணித்தியாலம் என்று 2022இல் கணக்கிட்டார்கள். அவ்வளவு பழைய பாறையில் இன்றைய 41,000ஐ அப்படியே தேடிக் கண்டுபிடித்ததாக யாராவது சொன்னால், நான் நம்பமாட்டேன்.