கடற்கரைப் பள்ளியில் மக்கிப்போன மரப் பெயர்ப்பலகையைச் சீரமைக்க முடியுமா?

சாரணர் குழுவின் பழைய தேக்குப் பலகையைக் கழற்றிவிட்டு ஃபிளக்ஸ் வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம் ஊருக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பசுமைப் படை மாணவர்களுக்காக இதே வேலையை நான் இரண்டு முறை செய்திருக்கிறேன். இரண்டாவது முறைக்குக் காரணம் என் அவசரம்தான். பலகையைத் தேய்த்த கையோடு எனாமல் பூசினேன், ஐப்பசி மழை முடிவதற்குள் அது கொப்புளித்து உரிந்துவிட்டது.

மரத்தில் ஊறிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதை வள்ளம் கட்டும் ஓடாவி ஒருவர்தான் விளக்கினார். பலகையை நல்ல தண்ணீரில் கழுவி, வடிந்த நீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, கரிப்பு அடங்கும் வரை மீண்டும் கழுவச் சொன்னார். மாணவர்களை அப்படிச் சுவைக்க விடாதீர்கள். வீட்டு வண்ணங்களில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, உங்கள் பலகையின் வண்ணம் அதற்கு முந்தையதாக இருக்கலாம். அதே காரணத்தால் உப்புத்தாளை நனைத்தே தேய்க்க வேண்டும், அதையும் பெரியவர்களே செய்ய வேண்டும். தேய்ப்பதற்கு முன்பு மெல்லிய தாளை விரித்து எழுத்துகளைப் படியெடுக்கும் வேலையை மாணவர்களிடம் விடலாம்.

கழுவிய பலகையை ஓரிரு வாரம் நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் வளைந்துவிடும். பிறகு திருப்புளியின் முனையால் குத்திப் பாருங்கள். எங்கள் பலகையில் நடுப்பகுதி கல் போல இருந்தது. இரும்பாணியைச் சுற்றி மட்டும் மரம் கறுத்து, முனை அரை அங்குலம் உள்ளே இறங்கியது. துருவும் தேக்கின் துவர்ப்பும் சேர்ந்தால் வரும் கறுப்பு அது. அந்த இடங்களைச் செதுக்கியெடுத்து, அதே தேக்கில் துண்டு வைத்து எப்பாக்ஸி பசையால் ஒட்டினோம். ஆணிக்குப் பதிலாக 316 தர ஸ்டெயின்லெஸ் திருகுகளைப் போட்டோம். விலை கூடுதல்தான், ஆனால் உப்புக்காற்றில் 304 தரத்தில் துருக்கறை படியும்.

தண்ணீரை அதிகம் குடிப்பது பலகையின் முகமல்ல, இழை வெட்டுப்பட்ட இரு முனைகளே என்பதால், அங்கே பிரைமரை மூன்று முறை ஊறவிட்டுப் பூசுங்கள். சுவரோடு ஒட்டி அறையாமல் விரற்கடை இடைவெளி விட்டு மாட்டுங்கள். பலகையின் பின்புறமும் காற்றில் உலர வேண்டும்.