சூட்டை விடுங்க, முதல்ல காத்தைப் பாருங்க

கேள்வி: வணக்கமுங்க. திருப்பூர்ல சின்னதா கார்மென்ட் வாஷிங் யூனிட் ஓட்டுறோம். எல்பிஜி கேஸ்ல ஓடுற டம்பிள் டிரையர் (துணி காய வைக்கிற மெஷின்) ஒண்ணு கொஞ்ச நாளா படுத்துதுங்க. 80 டிகிரி செட் பண்ணா டிஸ்ப்ளேல 65 தாண்டல, ஆனா பர்னர் பக்கம் ஹை லிமிட் (சூடு எல்லை மீறினா அணைக்கிற பாதுகாப்பு சுவிட்ச்) டிரிப் ஆகி நிக்குது. 40 நிமிஷத்துல காயற லோடு ஒரு மணி நேரம் ஆகுது, வெள்ளை பனியன்லாம் மஞ்சளடிக்குது. சென்சார் புதுசு மாத்தியும் அதே கதை. நடுவுல பேனல் போர்டு மாத்துனோம், அதனாலயா இருக்குமாங்க?

பதில்: அனேகமா அதனாலதாங்க. காயற நேரம் கூடிப்போச்சுன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் துப்பு. சூடு நிஜமாவே ஜாஸ்தியா இருந்தா துணி சீக்கிரம்ல காயணும். காத்து கம்மியாயிருக்கு, அதான் பர்னர்கிட்ட கொதிக்குது, சென்சார் இருக்கிற எக்ஸாஸ்டுக்கு, அதாவது காத்து வெளிய போற வழிக்கு, அந்த சூடு வந்து சேரல, கன்ட்ரோலரும் பத்தலயேன்னு பர்னரை அணைக்காம எரிச்சுக்கிட்டே இருக்கு.

பேனல் மாத்தும்போது உள்ளே வர்ற மூணு பேஸ் கரண்ட் வயர்ல ரெண்டு இடம் மாறியிருந்தா புளோயர், அதாவது காத்தை இழுத்துத் தள்ளுற ஃபேன், உல்டாவா சுத்தும். டிரம்மு எப்படியும் ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி சுத்துறதால அதைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது, எக்ஸாஸ்ட்ல கைய வச்சாலும் காத்து வரத்தான் செய்யும், ஏன்னா இந்த மாதிரி புளோயர் உல்டாவா சுத்துனாலும் அதே பக்கம்தான் தள்ளும், என்ன, அளவு ரொம்ப குறைஞ்சிடும். மெயினை ஆஃப் பண்ணிட்டு, ஃபேன் நிக்கப்போற நேரத்துல எந்தப் பக்கம் சுத்துதுன்னு கேசிங்ல இருக்கிற அம்புக்குறியோட ஒத்துப் பாருங்க.

அது சரியா இருந்தா பஞ்சு ஃபில்டர், டக்ட் (காத்து வெளிய போற குழாய்) வளைவு, புளோயர் பெல்ட், இந்த வரிசையில போங்க. ஃபில்டரை தினமும் தட்டுறவங்ககூட டக்ட்டை வருஷக்கணக்கா திறக்குறதில்ல.

இன்னொண்ணு, காத்து குறைஞ்சா பர்னரை நிறுத்துறதுக்குன்னே ஒரு ஏர்ஃப்ளோ சுவிட்ச் இருக்கும். உங்களுது நிறுத்தலையே! அடிக்கடி நிக்குதுன்னு யாராவது கம்பி போட்டுக் கட்டி வச்சிருக்காங்களான்னு பாருங்க, இருந்தா இன்னைக்கே அவுத்துடுங்க. தீ நீலமா இல்லாம மஞ்சளா எரிஞ்சா மெஷினை ஓட்டவே ஓட்டாதீங்க, கார்பன் மோனாக்சைடு வரும், அதுக்கு வாசனையும் கிடையாது.

கேள்வி: ஹோட்டல் லாண்டரியில வேலை பார்க்கிறேன். காஞ்ச கிச்சன் துணிய டிராலியில குவிச்சு வச்சிருந்தோம், கொஞ்ச நேரத்துல புகை வந்துச்சு. மெஷின்ல கோளாறா சார்?

பதில்: மெஷினை மட்டும் சொல்ல முடியாது. சமையல் எண்ணெய் துவைச்சாலும் முழுசா போகாது, சூடான துணிய குவிச்சா உள்ளே அந்த எண்ணெய் காத்தோட சேர்ந்து தானா சூடேறி பத்திக்கும். கடைசி 10 நிமிஷம் ஹீட் இல்லாம கூல் டவுன் ஓட விடுங்க, வெளிய எடுத்ததும் பரப்பிப் போடுங்க. டிரம்முக்குள்ளயே விட்டுட்டு வீட்டுக்குப் போறது அதைவிட ஆபத்து.