பத்துக் கோழிக் கணக்கில் எத்தனை சேவல்?

கேள்வி: எங்கள் தரைவீட்டின் பின்பக்கம் ஒன்பது கோழிகள் இருக்கின்றன. குஞ்சாக வந்தபோது எது சேவல், எது பெட்டை என்று தெரியவில்லை. இப்போது ஐந்து மாதமாகிறது, மூன்று சேவல், ஆறு பெட்டை. காலையில் கூண்டைத் திறந்ததும் சேவல்களுக்குள் சண்டை, கொண்டையில் ரத்தம். ஒரு பெட்டைக்கு முதுகில் இறகே இல்லை. முருகன் கொடியில் இருக்கிற சேவல், ஒன்றையும் வெளியே கொடுக்கக் கூடாது என்கிறார் மாமியார். மூன்றையும் ஒன்றாகவே வளர்க்க வழி உண்டா?
– வாசகி, சிராங்கூன் கார்டன்ஸ்

பதில்: மூன்றையும் வைத்துக்கொள்ள வழி உண்டு அம்மா, ஆனால் பெட்டைகளோடு சேர்த்து அல்ல.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது கொண்டையில் வந்த ரத்தம் அல்ல, அந்தப் பெட்டையின் முதுகு. கொண்டைக் காயம் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பெரும்பாலும் தானாக ஆறிவிடும். பெட்டையின் நிலை வேறு. சேவல் இணைசேர மிதிக்கும்போது கழுத்து இறகை அலகால் பிடித்துக்கொண்டு, நகத்தை முதுகில் ஊன்றித்தான் ஏறும், அதை மூன்று சேவல்கள் மாறி மாறிச் செய்தால் இறகு போய், தோல் கிழிந்து, அந்தக் கோழி கூண்டு மூலையை விட்டு இறங்காமல் தீனியும் தின்னாமல் கிடக்கும். அதிலும் சேவலுக்குப் பிடித்த பெட்டை என்று ஒன்றிரண்டு இருக்கும், அடி முழுவதும் அவற்றுக்குத்தான்.

ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்துப் பெட்டை என்பது கோழி வளர்ப்பவர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. சிங்கப்பூரில் தரைவீட்டுக்கு மொத்தம் 10 கோழிதான் வைத்துக்கொள்ளலாம், சேவலையும் சேர்த்து. ஆக, முழு எண்ணிக்கையும் வைத்தால்கூட ஒரு சேவலுக்கு ஒன்பது பெட்டை, அவ்வளவுதான். இரண்டு சேவல் என்றால் ஆளுக்கு நான்கு பெட்டை, போதாது. உங்கள் வீட்டில் இப்போது ஆளுக்கு இரண்டு.

ஒன்றாக வளர்ந்த சகோதரர்கள் இப்போது ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்றால், வயசு அப்படி. நான்கைந்து மாதத்தில் கூவத் தொடங்கும்போதே யார் பெரியவன் என்ற கேள்வியும் வந்துவிடும். கோழிகளுக்குள் இப்படி மேல், கீழ் என்று ஒரு வரிசை இருப்பதை நார்வே விலங்கியல் அறிஞர் ஷெல்டெருப்-எப்பே 1920களிலேயே எழுதி வைத்தார். கழுத்து இறகைச் சிலிர்த்து, நெஞ்சோடு நெஞ்சு மோதி, ஒன்று திரும்பி ஓடினால் சண்டை முடிந்தது, அதில் நீங்கள் புகுந்து விலக்க வேண்டாம். ஓடுவதற்கு இடம் இல்லாதபோதுதான் ஆபத்து. கோபம் தணியட்டும் என்று ஒன்றை இரண்டு நாள் தனியே வைத்துவிட்டு மறுபடி உள்ளே விடாதீர்கள், வரிசைச் சண்டை முதலிலிருந்து தொடங்கும். ஆனால் ரத்தம் நிற்காமல் வந்தாலோ, கண்ணில் அடிபட்டாலோ உடனே பிரித்து, பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகளும் வந்து அதே இடத்தில் கொத்தும்.

மூன்றும் வேண்டும் என்றால் சேவல்களுக்குத் தனிக் கூண்டு போடுங்கள். நடுவில் வலை மட்டும் போதாது, பெட்டைகள் கண்ணில் படாதபடி பலகை வையுங்கள். பெட்டை பக்கத்தில் இல்லாவிட்டால் சேர்ந்து வளர்ந்த சேவல்கள் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். தீனித் தட்டும் தண்ணீரும் இரண்டு இடத்தில், உட்காரக் கம்பு வேறு வேறு உயரத்தில், தோற்றவன் ஒளிய ஒரு மறைப்பு. காட்டுப் பறவைகள் நுழையாதபடி இரண்டு கூண்டுக்கும் வலை இருக்க வேண்டும்.

கூவல் மட்டும் இதனால் குறையாது. பெரிய சேவல் முதலில் கூவும், மற்றவை வரிசைப்படி பின்னால் கூவும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் கண்டறிந்தார்கள். விடிவதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரர் மூன்று முறை எழுந்திருக்க வேண்டும். கூவாமல் இருக்கக் கழுத்தில் பட்டை கட்டுகிறார்களே, அதைத் தயவுசெய்து வாங்காதீர்கள். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். நம் ஊர் வெயிலில் அதன் கழுத்தை இறுக்குவது கொடுமை.

என்னைக் கேட்டால் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டை நல்ல வீடு பார்த்துக் கொடுத்துவிடுவேன். புழுவோ தானியமோ கண்டால் தான் தின்னாமல் பெட்டைகளைக் கூப்பிடுகிற சேவலை வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் காலைத் துரத்திக் கொத்துவதை அல்ல. வாங்குகிற வீடும் தரைவீடாக, பத்து நிறையாததாக, சேவல் இல்லாததாக இருக்கட்டும். பூங்காவிலோ காட்டோரத்திலோ விட்டுவிடுவது குற்றம், அங்கே அது பிழைப்பதும் கஷ்டம். மாமியாரிடம் வாதாட வேண்டாம், அந்தப் பெட்டையைத் தூக்கிவந்து முதுகைக் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் புளோக்கின் கீழே மூன்று சேவல்கள் சண்டையில்லாமல் திரிகின்றனவே, எப்படி? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் ஒன்றை வளர்க்கலாமா?
– வாசகர், ஈசூன்

பதில்: அவற்றுக்குள்ளும் வரிசை உண்டு தம்பி. தோற்ற சேவல் அடுத்த புளோக்கு வரை போய்விடலாம், கூண்டில் அதற்கு எங்கே வழி? வீவக வீட்டில் கோழி வளர்க்க அனுமதி இல்லை. கீழே திரிபவற்றுக்குத் தீனியும் போடாதீர்கள். தீனி கிடைத்தால் கூட்டம் பெருகும், சத்தம் என்று புகார் போகும். 2017இல் சின் மிங் வட்டாரத்தில் அப்படிப் புகார் வந்து 24 கோழிகளைக் கொன்றார்கள், அது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். காதோரம் வெள்ளைத் திட்டும் சாம்பல் நிறக் காலும் இருந்தால் அது சிவப்புக் காட்டுக்கோழியாக இருக்கலாம், நம் தீவுக்கே உரிய பறவை. புலாவ் உபினில் பார்த்திருப்பீர்கள். நாட்டுக்கோழியோடு கலந்தவையும் நிறைய உண்டு.

கேள்வி: சேவல் இல்லாவிட்டால் முட்டை கிடைக்குமா? சேவலுக்கும் முட்டைக்கோழித் தீனியே போடலாமா?
– வாசகி, சிலேத்தார்

பதில்: தாராளமாகக் கிடைக்கும், குஞ்சு மட்டும் பொரிக்காது. முட்டைக்கோழித் தீனியில் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய 4 சதவீதம் இருக்கும், முட்டையிடாத சேவலுக்கு அதையே தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் கெடக்கூடும். எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீனி போட்டு, சிப்பித் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டிய பெட்டை தானே வந்து கொத்திக்கொள்ளும்.